சின்ன ஹாஸ்டல் அறையில் கட்டில்களை எப்படிப் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி விடுதியில் நான்கு வருடம் இருந்தேன். மூன்று அறைகள், ஐந்து ரூம்மேட்கள். ஒவ்வொரு வருடமும் பெட்டியைக் கீழே வைத்த கையோடு முதல் வேலை கட்டிலை இழுப்பதுதான். இழுத்த கட்டிலை இரண்டே நாளில் பழைய இடத்துக்குத் தள்ளியதும் உண்டு. கடைசி வருடத்தில் ஜூனியர்கள் வந்து கேட்ட கேள்விகளையும், முதல் வருடத்தில் நான் யாரிடமாவது கேட்டிருக்க வேண்டிய கேள்விகளையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கணக்குப் போட வசதியாக 10 அடிக்கு 12 அடி அறை, ஆறேகால் அடி நீளமும் 3 அடி அகலமும் உள்ள இரண்டு கட்டில்கள், 9 அடி உயரத்தில் கூரை என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் அறை வேறு அளவு என்றால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கட்டிலைத் தொடுவதற்கு முன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

அறையின் நீள அகலத்தை எல்லோரும் அளந்துவிடுவார்கள். விட்டுப்போவது வேறு மூன்று. கதவு திறக்கும்போது தரையில் ஒரு கால்வட்டம் போடுமே, அது முதலாவது. உள்பக்கம் திறக்கும் இரண்டரை அடிக் கதவு என்றால் அந்த வட்டத்துக்குள் எதுவும் வரக் கூடாது. அலமாரிக் கதவுக்கும் இதே கணக்குதான். கட்டில் மேல் மண்டியிட்டு உட்கார்ந்து அலமாரியை அரைகுறையாகத் திறந்து, கையை விட்டுச் சட்டையைத் துழாவும் அறைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, பிளக் பாயிண்ட் எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. மூன்றாவது மின்விசிறி: எங்கே தொங்குகிறது, இறக்கை கூரையிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது. இந்தக் கடைசி அளவு ஏன் முக்கியம் என்பதை அடுக்குக் கட்டில் கேள்வியில் சொல்கிறேன்.

அளந்த பிறகு காகிதத்தில் படம் போடலாம். அதைவிட நல்லது, கட்டில்களை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, சாக்பீஸால் தரையிலேயே கோடு போடுவது. ஒருவர் கோட்டுக்குள் படுத்துக்கொள்ளட்டும். இன்னொருவர் மேசை வரப்போகும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து பார்க்கட்டும். யார் கால் யாருக்கு இடிக்கும் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கட்டிலை நாலு தடவை இழுப்பதற்குப் பதில் கோட்டை நாலு தடவை அழிப்பது எவ்வளவோ மேல்.

எங்கிருந்து யோசிக்க ஆரம்பிப்பது?

காலி இடம் எங்கே வேண்டும் என்பதிலிருந்து. துணி மாற்றவும், பெட்டியைத் திறந்து பரப்பவும், பக்கத்து அறையிலிருந்து மூன்று பேர் வந்தால் உட்காரவும் உங்களுக்கு வேண்டியது தரை. அந்தத் தரை ஒரே துண்டாக எங்கே கிடைக்கும் என்று பார்த்து, அதற்குப் பிறகு கட்டில்களை மிச்சமிருக்கும் ஓரங்களுக்குத் தள்ளுங்கள். நாங்கள் முதல் வருடம் செய்தது நேர் எதிர். ஆளுக்கொரு நல்ல மூலையைப் பிடித்தோம். தரை மூன்று துண்டாகச் சிதறிப்போனது; எந்தத் துண்டிலும் ஒரு சூட்கேஸை முழுதாகத் திறக்க முடியவில்லை.

ஆள் நடக்கும் வழிக்குக் குறைந்தது 2 அடி விடுங்கள். இரண்டரை இருந்தால் தாராளம். ஒன்றரை அடியில் பக்கவாட்டில் நகர்ந்துதான் போக முடியும். இருட்டில் கட்டில் கால் சுண்டுவிரலைப் பதம் பார்த்துவிடும்.

எதிரெதிர்ச் சுவர்களிலா, எல் வடிவத்திலா, ஒரே சுவரில் வரிசையாகவா?

வரிசையை முதலில் கழித்துவிடலாம். இரண்டு ஆறேகால் பன்னிரண்டரை. சுவரோ 12 அடி. அரை அடியில் காரியம் கெட்டுவிடுகிறது. சுவர் 13 அடி இருந்தால் மட்டும் இது அருமையான அமைப்பு. எதிர்ப்பக்கம் முழுவதும் உங்களுக்கு.

எதிரெதிர் என்றால் 12 அடிச் சுவர்கள் இரண்டிலும் ஒவ்வொரு கட்டில். நடுவே 4 அடி வழி. கால்மாட்டுக்கு அப்பால் ஐந்தேமுக்கால் அடி மிஞ்சும், அங்கே ஆளுக்கொரு மேசை. அறை நடுவில் கோடு கிழித்தது போல இருக்கும்: இந்தப் பாதி எனக்கு, அந்தப் பாதி உனக்கு. முன்பின் தெரியாத ஒருவரோடு முதல் வருடம் தங்கும்போது இதுதான் சரி. யாரும் குறை சொல்ல முடியாது. சங்கடம் என்னவென்றால், திரும்பிப் படுத்தால் எதிரே அவர் முகம். அவருடைய போன் வெளிச்சமும் நேரே உங்கள் கண்ணில்தான் விழும். நடுவில் இருக்கும் 4 அடி நடக்கத்தான் உதவும், வேறு எதற்கும் போதாது.

எல் வடிவத்தில் ஒரு கட்டில் 12 அடிச் சுவரோடு மூலையில் நிற்கும். மற்றது அதன் பக்கவாட்டை ஒட்டி, 10 அடிச் சுவரோடு. 3 அடியும் ஆறேகால் அடியும் சேர்ந்து ஒன்பதேகால். முக்கால் அடி மிச்சம், அதில் குடையும் சுருட்டிய பாயும் நிற்கும். பலன் என்ன என்றால், கட்டில்களுக்கு முன்னால் 7 அடிக்கு 9 அடி தரை ஒரே துண்டாகக் கிடைக்கிறது. முதல் கட்டிலின் கால்மாட்டுக்கு அப்பால் ஒரு மேசை உட்கார்ந்துவிடும். இன்னொரு மேசையை எதிர்ச் சுவரோடு போட்டாலும் நடுவில் நாலு பேர் வட்டமாக உட்காரலாம். கதவு மட்டும் கட்டில்கள் சேரும் மூலைப் பக்கம் இருக்கக் கூடாது. பழகிய ரூம்மேட் என்றால் நான் யோசிக்காமல் எல் என்றுதான் சொல்வேன். இரண்டாம் வருடத்திலிருந்து நாங்கள் அதை மாற்றவே இல்லை.

அடுக்குக் கட்டில் போட்டால் இடம் மிச்சமாகுமே?

ஆகும். ஒரு கட்டில் அடைக்கும் தரை கிட்டத்தட்ட 19 சதுர அடி. அது அப்படியே திரும்பக் கிடைக்கும். ஆனால் மேலே பார்க்க வேண்டும்.

மேல் பலகை 5 அடி உயரத்தில், அதன் மேல் 5 அங்குல மெத்தை என்றால் 65 அங்குலம் ஆயிற்று. கூரை 108 அங்குலத்தில். மிச்சம் 43. உட்கார்ந்தால் ஒரு ஆளின் தலை மெத்தையிலிருந்து ஏறக்குறைய 35 அங்குலத்துக்கு வரும், ஆகவே நிமிர்ந்து உட்காரலாம். கூரை 8 அடிதான் என்றால் மிஞ்சுவது 31 அங்குலம். காலையில் எழுந்த வேகத்தில் தலை இடிக்கும். முதல் வாரம் தினமும் இடிக்கும், அப்புறம் குனிந்தே எழப் பழகிவிடுவீர்கள். அது நல்ல பழக்கம் இல்லை.

இனி மின்விசிறி. அறை நடுவில் 48 அங்குல விசிறி தொங்குகிறது, இறக்கை கூரையிலிருந்து ஓர் அடி கீழே, அதாவது தரையிலிருந்து 96 அங்குலத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் படுக்கையில் உட்காருபவரின் உச்சந்தலை 100 அங்குலத்தில். இறக்கை சுற்றுவது முகத்துக்கு நேரே! பக்கவாட்டு அளவையும் பாருங்கள்: நீளச் சுவரிலிருந்து விசிறியின் நடு 5 அடி, இறக்கை நுனி 3 அடி. கட்டிலின் அகலமும் 3 அடி. நடுவில் இடைவெளியே இல்லை. கட்டிலை மூலைக்குத் தள்ளினாலும் கால்மாடு விசிறிக்கு நேரே வந்து நிற்கும். 10 அடிச் சுவரோடு போட்டால் ஓர் அடி இடைவெளி கிடைக்கும். போர்வையை உதறினால் அந்த ஓர் அடி எங்கே போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நடுவில் கூரை விசிறி உள்ள இந்த அளவு அறைக்கு அடுக்குக் கட்டில் வேண்டாம். விசிறியைச் சுவருக்கு மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மாற்றிய பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மேல் படுக்கை யாருக்கு, கீழ் படுக்கை யாருக்கு?

வலிப்பு, தலைசுற்றல், தூக்கத்தில் நடக்கும் பழக்கம், முழங்கால் வலி, இரவில் இரண்டு மூன்று முறை எழும் தேவை, இதில் ஏதாவது இருப்பவருக்குக் கீழ்தான். இதில் சீட்டுக் குலுக்கல் கிடையாது. காரணத்தை எல்லோர் முன்னும் சொல்லச் சங்கடமாக இருந்தால் 'எனக்குக் கீழேதான் வேண்டும்' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். நல்ல ரூம்மேட் அதற்கு மேல் தோண்ட மாட்டார்.

அப்படி ஒன்றும் இல்லை என்றால் இரண்டிலும் நல்லது கெட்டது உண்டு. சூடான காற்று மேலே போவதால் மேல் படுக்கை வெக்கையாக இருக்கும், விளக்கும் கண்ணுக்குப் பக்கத்தில். ஆனால் அது உங்கள் கோட்டை. யாரும் வந்து உட்கார மாட்டார்கள். கீழ் படுக்கை எல்லோருக்கும் சோபா. நண்பர்கள் உட்காருவது கீழே, நனைந்த துண்டு விழுவது கீழே, பிஸ்கட் தூள் உதிர்வதும் கீழே. ஒரு நீளத் துணியைக் கயிற்றில் கோத்து மேல் சட்டத்தில் திரையாகக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும்.

மேலே படுப்பவர் கவனிக்க வேண்டியது தடுப்புக் கம்பி. அது மெத்தையின் மேல்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும். பலர் இதைக் கம்பி பொருத்தியிருக்கும் பலகையிலிருந்து அளக்கிறார்கள். வீட்டிலிருந்து தடிமனான மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து போட்டதும் கம்பி மெத்தைக்குச் சமமாகிவிடும், அப்புறம் அது இருந்தும் இல்லாததுதான். மேல் படுக்கைக்கு மெல்லிய மெத்தை. ஏணி ஆடாமல் போல்ட் போட்டிருக்கிறதா என்றும் ஒரு தடவை உலுக்கிப் பாருங்கள்.

கட்டிலை உயர்த்தி அடியில் மேசை போடலாமா?

போடலாம், கூரை 9 அடியாவது இருந்தால். நாற்காலி 18 அங்குலம், உட்கார்ந்த ஆள் 35. தலைக்கு மேல் கொஞ்சம் விட்டால் கட்டிலின் அடிப்பக்கம் 60 அங்குலத்தில் இருக்க வேண்டும். சட்டமும் மெத்தையும் 8 அங்குலம் என்றால் மேலே 40 மிஞ்சும். இரண்டு பக்கமும் உட்காரலாம், ஆனால் இரண்டு பக்கமும் நிற்க முடியாது. விசிறிக் கணக்கு இதற்கும் அப்படியே பொருந்தும்.

அடியில் எப்போதும் நிழல் என்பதால் தனி மேசை விளக்கு இல்லாமல் படிக்க முடியாது. நான் ஒரு செமஸ்டர் இப்படி இருந்தேன். படிக்கும் இடத்துக்கு நேர் மேலே படுக்கை இருந்தால் தூக்கம் வரும்போது மேலே ஏறச் சோம்பல்பட்டு மேசையிலேயே தூங்குவோம். படிப்பு கொஞ்சம் கூடியது, கழுத்து வலி நிறையக் கூடியது.

முழுதாக உயர்த்தாமல், பெட்டி வைக்கிற அளவுக்கு மட்டும்?

இருக்கும் இடத்திலேயே அதிகப் பலன் தருவது இதுதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. படுக்கவைத்த பெரிய சூட்கேஸ் பொதுவாக ஓர் அடிக்குள் அடங்கும். கட்டிலுக்கு அடியில் 14 அங்குலம் இருந்தால் இரண்டு சூட்கேஸ், வாளி, செருப்பு எல்லாம் உள்ளே போய்விடும். தரை பளிச்சென்று ஆகும். கட்டில் கால் உட்கார்வதற்குக் குழி வைத்த உயர்த்திகள் கிடைக்கின்றன. செங்கல்லோ புத்தகமோ அடுக்கி அதன் மேல் காலை நிறுத்தாதீர்கள். யாராவது தொப்பென்று உட்கார்ந்தால் கால் நழுவும்.

தலைமாடு எந்தப் பக்கம் வைப்பது?

கதவுக்குப் பக்கத்தில் வேண்டாம். வராந்தா விளக்கு கதவிடுக்கில் வரும், போகிறவர் வருகிறவர் பேச்சும் வரும். ஜன்னலுக்கு நேர் கீழேயும் வேண்டாம். மழைச் சாரல், விடியற்காலை வெயில். பிளக் பாயிண்ட் கைக்கு எட்டும் பக்கம் தலை இருந்தால் வசதி. எட்டாவிட்டால் பலர் எக்ஸ்டென்ஷன் வயரை மெத்தைக்கு அடியில் ஓட்டுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். வயரில் வரும் சூடு வெளியே போக வழியில்லாமல் மெத்தைக்குள் ஏறும், கட்டில் கால் ஏறி மேலுறை நசுங்கினால் தீப்பொறிதான். வயர் சுவர் ஓரமாகத் திறந்தபடி போகட்டும்.

எல் வடிவத்தில் இரண்டு தலைகளும் ஒரே மூலைக்கு வந்தால் இரவில் குசுகுசுவென்று பேசலாம், குறட்டையும் நன்றாகக் கேட்கும். நாங்கள் அரட்டைக்காக அப்படி வைத்தோம். பரீட்சை வந்ததும் ஆளுக்கொரு தலையணையை மறுகோடிக்கு மாற்றிக்கொண்டோம். கட்டிலை நகர்த்தவே தேவைப்படவில்லை.

ஒருவர் பத்து மணிக்குத் தூங்குகிறார், மற்றவர் இரண்டு மணிக்கு. எப்படிப் போடுவது?

தாமதமாகத் தூங்குபவரின் கட்டிலும் மேசையும் கதவுப் பக்கம், சீக்கிரம் தூங்குபவரின் கட்டில் உள்மூலையில். நள்ளிரவில் பாத்ரூம் போக, போன் பேச வெளியே போக, அவர் தூங்குகிறவரின் கட்டிலைத் தாண்ட வேண்டியிருக்காது. மேசை விளக்கு சுவரைப் பார்த்து இருக்கட்டும். அடுக்குக் கட்டில் என்றால் தாமதமாக வருபவர் கீழே. அவர் மேலே என்றால் ஏணியில் வைக்கும் ஒவ்வொரு அடியும் கீழே படுத்திருப்பவரின் முதுகில் தெரியும்.

இந்தப் பேச்சை முதல் நாளே பேசிவிடுங்கள். 'நீங்க எத்தனை மணிக்குத் தூங்குவீங்க?' என்று கேட்பதில் வெட்கமே இல்லை.

அலமாரியை நடுவில் நிறுத்தி அறையை இரண்டாகப் பிரிக்கலாமா?

10 அடி அகலத்தில் வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஜன்னலும் மறுபக்கத்துக்குக் கதவும் போகும். ஒருவருக்குக் காற்று இல்லை, மற்றவருக்கு வழி இல்லை. சுவரில் பிணைக்காத உயர அலமாரி சாயவும் கூடும்.

இரண்டு கட்டிலையும் ஒட்டிப் போட்டால்?

தரை நிறையக் கிடைக்கும். சுவர்ப் பக்கம் படுப்பவர் ஒவ்வொரு முறையும் மற்றவரைத் தாண்டி இறங்க வேண்டும். உடன்பிறந்தவர்கள் என்றால் பார்க்கலாம்.

மூன்று பேர் இருக்கும் அறையில்?

இதே 10க்கு 12 அறையில் மூன்று தனிக் கட்டில்கள் போட்டால் 56 சதுர அடிக்கு மேல் போய்விடும், கிட்டத்தட்ட பாதி அறை. எல் வடிவத்தோடு மூன்றாவதை எதிர்ச் சுவரில் சேர்த்தால் 'ப' மாதிரி வரும், பேச நன்றாக இருக்கும், மேசைக்கு இடம் இருக்காது. ஓர் அடுக்கும் ஒரு தனிக் கட்டிலும் என்பதுதான் நடைமுறை, விசிறி இடம்கொடுத்தால். அந்தத் தனிக் கட்டிலுக்குத்தான் சண்டை வரும் என்பதால் செமஸ்டருக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்றால் முதலில் படுத்தவருக்கே அது பட்டாவாகிவிடும்.

நான் போவதற்குள் ரூம்மேட் நல்ல இடத்தைப் பிடித்துவிட்டார். என்ன செய்வது?

அன்றைக்கே மாற்றச் சொல்லாதீர்கள்; அவர் படுக்கை விரித்து, சாமான்களை அடுக்கி அசந்திருப்பார். ஒரு வாரம் போகட்டும். அப்புறம், 'அறையையே கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாமா, நடுவில் இடம் கிடைக்கும்' என்று ஆரம்பியுங்கள். இடத்தைக் கொடு என்று கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள். சாக்பீஸை அவர் கையில் கொடுத்தால் அவரே கோடு போட ஆரம்பிப்பார்.

திரும்பிப் படுத்தால் கட்டில் கிரீச்சிடுகிறது. கட்டிலையே மாற்ற வேண்டுமா?

தேவையில்லை. மெத்தையை எடுத்துவிட்டு, ஒருவர் சட்டத்தை மெல்ல ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூலையிலும் காதை வைத்துக் கேளுங்கள். எங்கள் அறையில் சத்தம் நான்கு மூலையிலிருந்தும் வருவது போலத்தான் இருந்தது. கடைசியில் பார்த்தால் தலைமாட்டில் ஒரே ஒரு போல்ட். கையால் திருகினாலே சுற்றியது. ஸ்பானரால் இரண்டு சுற்று முடுக்கியதும் சத்தம் போய்விட்டது. இரண்டு மாதம் அந்தச் சத்தத்துக்காக நான் ரூம்மேட்டைத் திட்டியிருக்கிறேன். இரும்பும் இரும்பும் உரசும் இடம் என்றால் நடுவில் பழைய துணித் துண்டைச் செருகலாம். மரச் சட்டத்தின் பொருத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். கட்டில் சுவரில் இடிக்கும் சத்தமாகவும் இருக்கலாம். ஓர் அங்குலம் தள்ளிப் பாருங்கள்.

சுவரோடு ஒட்டிப் போடுவதா, தள்ளிப் போடுவதா?

கை நுழையும் அளவு தள்ளி. வெளிச்சுவரில் ஈரம் கசிந்தால் மெத்தை ஓரம் பூசணம் பிடிக்கும். இன்னொரு காரணம் மூட்டைப்பூச்சி. அதற்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. ஊர்ந்துதான் வர வேண்டும். கட்டில் சுவரைத் தொடாமல், போர்வை தரையில் புரளாமல் இருந்தால் அது ஏறும் வழி நான்கு கால்கள் மட்டும்தான். தினமும் பார்க்க நான்கு இடம் போதும். அடுக்குக் கட்டிலில் ஒருவருக்கு வந்தால் இருவருக்கும் வந்த மாதிரி.

வார்டனிடம் கேட்க வேண்டுமா?

நகர்த்துவதற்குப் பெரும்பாலும் வேண்டாம். போல்ட் கழற்றுவது, அடுக்கைப் பிரிப்பது, ஆணி அடிப்பது, கட்டிலை அறைக்கு வெளியே வைப்பது, இதற்கெல்லாம் கேட்டே ஆக வேண்டும். கழற்றிய நட்டு போல்ட்களை ஒரு பையில் கட்டி அந்தக் கட்டில் சட்டத்திலேயே தொங்கவிடுங்கள். வருடக் கடைசியில் அறையை ஒப்படைக்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

மாற்றிப் போட்டுப் பிடிக்கவில்லை என்றால்?

இரண்டு வாரம் கொடுங்கள். முதல் மூன்று நாள் எந்த அமைப்பும் விசித்திரமாகத்தான் இருக்கும்; இருட்டில் பழைய இடத்தில் சுவிட்சைத் தேடுவீர்கள். அதற்குப் பிறகும் இடித்துக்கொண்டே இருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றும்போது மெத்தையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலுக்கு அடியிலும் மடித்த பழைய துணியை வைத்து இழுத்தால் ஒருவரே நகர்த்திவிடலாம், தரையிலும் கீறல் விழாது. பகலில் செய்யுங்கள். நாங்கள் ஒரு முறை இரவு பதினொன்றரைக்கு ஆரம்பித்து, கீழ் மாடியே எழுந்து மேலே வந்துவிட்டது.